ராஸ் தனூராவில் வேலை: குடும்பத்தை எங்கே வைப்பது? நஜ்மா, ரஹீமா, ஜுபைல், தம்மாம் ஓர் ஒப்பீடு

ராஸ் தனூராவுக்கு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா, போனால் எங்கே வைப்பது? கம்பெனி காம்பவுண்டுக்குள்ளா, வெளியே ஊருக்குள்ளா, இல்லை தம்மாமில் வீடெடுத்துத் தினமும் வண்டி ஓட்டுவதா?

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். சவுதியின் கிழக்கு மாகாணத்தில், வளைகுடாக் கடலுக்குள் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நிலமுனை ராஸ் தனூரா. 1939 மே 1 அன்று மன்னர் அப்துல் அஜீஸ் வால்வைத் திறந்து ‘டி. ஜி. ஸ்கோஃபீல்ட்’ என்ற கப்பலில் நாட்டின் முதல் கச்சா எண்ணெய்ச் சரக்கை ஏற்றியது இங்கேதான். சுத்திகரிப்பு ஆலை 1945இல் ஓடத் தொடங்கியது. இன்று அதன் திறன் நாளொன்றுக்கு 5,50,000 பீப்பாய். ஆலை, எண்ணெய்த் தொட்டிகள், கப்பல் துறை, சவுதியின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் நஜ்மா குடியிருப்பு எல்லாம் வேலிக்குள். வேலிக்கு வெளியே இருக்கும் ஊர் ரஹீமா. இவ்வளவு பெரிய ஆலை பக்கத்தில் இருந்தும் ரஹீமா பெருநகரமாக வளரவில்லை. பெரிய கடைகள், பெரிய ஆஸ்பத்திரிகள், இந்தியப் பள்ளிகள் எல்லாம் தெற்கே தம்மாமுக்கும் அதையொட்டிய கோபருக்கும் வடக்கே ஜுபைலுக்கும் போய்விட்டன. குழப்பத்தின் வேர் அதுதான்.

## எதை வைத்து அளப்பது

முக்கியத்துவ வரிசையில்:

1. பிள்ளைகளின் வகுப்பு. எந்தப் பாடத்திட்டம், இன்னும் எத்தனை ஆண்டு.
2. யாருடைய ஆள் நீங்கள். அராம்கோ நேரடி நியமனமா, கான்ட்ராக்ட் கம்பெனியா. காம்பவுண்டு வீடு என்ற பேச்சே நேரடி நியமனத்துக்குத்தான்.
3. வேலை நேரம். ஜெனரல் ஷிஃப்டா, சுற்று ஷிஃப்டா, ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலையா.
4. பகலில் வீட்டில் இருப்பவரின் நடமாட்டம். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணவரை எதிர்பார்க்காமல் போக முடியுமா.
5. மறைந்திருக்கும் செலவு.
6. வேலை போனால் எவ்வளவு வேகமாகக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

வாடகையை இந்த வரிசையில் வைக்காதது தெரிந்தேதான். வாடகையில் தொடங்குகிறவர்கள்தான் இரண்டாம் வருடமே சாமானை மூட்டை கட்டுகிறார்கள். பள்ளியில் தொடங்குங்கள்; வீடு தானாக அமையும்.

எங்கே குடியிருந்தாலும் தப்பாத செலவு ஒன்று உண்டு. குடும்ப இகாமாவில் (வசிப்பு அனுமதி) இருக்கும் ஒவ்வொருவருக்கும் அரசுக் கட்டணம் மாதம் 400 ரியால். 2017இல் 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு 100 கூடி, 2020இல் 400க்கு வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால், அதுவும் இகாமா புதுப்பிக்கும் நேரத்தில் கட்ட வேண்டும். இதைக் கம்பெனி கட்டுமா, நீங்களா என்பதை ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வாங்குங்கள். “பார்த்துக்கலாம் சார்” என்ற ஏஜெண்டின் பேச்சு இகாமா அலுவலகத்தில் செல்லாது.

| | நஜ்மா | ரஹீமா | ஜுபைல் | தம்மாம் / கோபர் |
|---|---|---|---|---|
| வேலைக்குப் போக | சில நிமிடம் | சில நிமிடம் | ஏறக்குறைய ஒரு மணி | ஒரு மணி, கோபரிலிருந்து கூடுதல் |
| பள்ளி | அமெரிக்கப் பாடத்திட்டம், 9ஆம் வகுப்புவரை | சிபிஎஸ்இ என்றால் வேன் பயணம் | இந்தியப் பள்ளி ஊரிலேயே | இந்தியப் பள்ளி ஊரிலேயே. வேறு பாடத்திட்டங்களும் |
| ஆஸ்பத்திரி | உள்ளே கிளினிக். பெரிய சிகிச்சைக்கு அராம்கோ தலைமையகம் உள்ள தஹ்ரான் | அரசு மருத்துவமனை. காப்பீட்டுக்கு வெளியூர் | தனியார் மருத்துவமனைகள் | நிறையவே |
| மறைமுகச் செலவு | ஒன்பதாம் வகுப்புக்குப் பின் படிப்பு | ஏசி, துரு, பள்ளி வேன் | பெட்ரோல், டயர் | பெட்ரோல், டயர், தூக்கம் |
| வேலை போனால் | வீடும் பள்ளியும் சேர்ந்து போகும் | ஒப்பந்தக் காலம்வரை இருக்கலாம் | அதேபோல் | அதேபோல். புது வேலையும் தேடலாம் |

## நஜ்மா: கடலோரக் காம்பவுண்டு

அராம்கோ குடியிருப்புகளில் கடற்கரை சொந்தமாக வாய்த்தது நஜ்மாதான். தஹ்ரானைவிட மிகச் சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவார்கள். மனைவி தனியாக நடந்துபோய் நூலகம், நீச்சல்குளம், கிளினிக் எல்லாம் முடித்துவிடலாம். உள்ளே இருக்கும் கிளினிக் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அராம்கோ ஹெல்த்கேரைச் சேர்ந்தது. அறுவைச் சிகிச்சை, ஸ்பெஷலிஸ்ட் என்றால் தஹ்ரானுக்குத்தான் அனுப்புவார்கள்.

கம்பெனிப் பள்ளி அமெரிக்கப் பாடத்திட்டம், 9ஆம் வகுப்போடு நின்றுவிடும். தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ‘ஒன்பது முடித்ததும் தம்மாமில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறார்கள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கான பதிவு 9ஆம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. நேராகப் பத்தில் நுழைவதற்குக் கட்டுப்பாடு கடுமை. போதாக்குறைக்கு, சவுதியில் இந்தியப் பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அமெரிக்கப் பள்ளியுடையது கோடை விடுமுறைக்குப் பிறகு. நடுவில் சில மாதங்கள் அந்தரத்தில் தொங்கும்.

ஆகவே சிபிஎஸ்இதான் இலக்கு என்றால் மாற்றத்தை 8ஆம் வகுப்புக்குள் முடித்துவிட வேண்டும். சர்வதேசப் பாடத்திட்டம்தான் என்றால் 9க்குப் பிறகு கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களின் உண்டுறைப் பள்ளிகளைப் பலர் பார்க்கிறார்கள். கம்பெனியின் கல்வி உதவி எந்தக் கட்டணத்துக்கு, எந்த உச்சவரம்புவரை என்பதைப் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். பிறகு இந்தியாவில் கல்லூரிச் சேர்க்கை என்றால் வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று கேட்பார்கள். மருத்துவம் கனவாக இருந்தால் பதினொன்று, பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிறதா என்பதையும் சேர்க்கும்போதே பார்க்க வேண்டும்.

அடுத்தது சமையலறை. காம்பவுண்டு அமெரிக்கர்கள் கட்டியது; ப்ளக் பாயிண்டுகள் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து தூக்கிப்போகும் 230 வோல்ட் மிக்ஸி அதில் முனகும், சட்னி அரைக்காது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சரியாக 750க்கு வாங்கினால் மிக்ஸி கிளம்பும் நொடியிலேயே ஃப்யூஸ் போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வெட் கிரைண்டருக்குச் சிக்கல் தீராது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் 60இல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். ஆகஸ்டில் அந்த மாவு சில மணி நேரத்தில் புளித்துப் பொங்கிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றி, இடையிடையே நிறுத்தி அரைப்பதே வழி. மிக்ஸியின் மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பெரிய பொருட்டில்லை. வெளியே ஊர்களில் 220 வோல்ட் கிடைத்தாலும் அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான்; பழைய கட்டடங்களில் 127 வோல்ட் பாயிண்டும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்துச் சொருகுங்கள்.

வீடு உடனே கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பதவி, சேவைக்காலம் பார்த்து வரிசையில்தான் கொடுப்பார்கள். விருந்தினர் வந்தால் கேட் பாஸ் வேண்டும். ஜுபைலிலிருந்து மச்சினன் குடும்பம் சொல்லாமல் வெள்ளிக்கிழமை வந்து நின்றால் கேட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆரம்ப காலத்தில் இந்த முகாம்களில் அமெரிக்கர்களுக்கு ஒன்று, இந்தியர் போன்ற பிற நாட்டவருக்கு ஒன்று, அரபுத் தொழிலாளிகளுக்கு ஒன்று எனப் படிப்படியாக வேலி போட்டிருந்தார்கள். ஆலையைக் கட்ட எரித்திரியாவிலிருந்து வந்த இத்தாலியர்கள்கூட அமெரிக்க முகாமுக்குள் இல்லை. இன்று நஜ்மாவில் வீடு கிடைக்கிற தமிழருக்கு அந்த வேலி இல்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இருக்கிறது.

யாருக்குச் சரி: நேரடி நியமனம், பிள்ளைகள் 6ஆம் வகுப்புக்குக் கீழே, ஷிஃப்ட் வேலை. இந்த மூன்றும் பொருந்தினால் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்: பிள்ளை 8இலோ 9இலோ இருந்து, சிபிஎஸ்இயை விடவும் மனமில்லாதவர்களுக்கு. இன்னொரு எச்சரிக்கை: இங்கே வீடு, பள்ளி, கிளினிக் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. வேலை முடிந்தால் மூன்றும் சேர்ந்தே அறும்.

## ரஹீமா: வேலிக்கு வெளியே

கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வேலைக்கு மிக அருகில் இருக்கக்கூடிய இடம் இதுதான். பக்காலா (மளிகைக்கடை), உணவகம், மருந்துக்கடை என அன்றாடத் தேவைக்குக் குறைவில்லை. 12 மணி நேர ஷிஃப்ட் முடிந்து சில நிமிடத்தில் வீட்டுக்குள் இருக்கலாம். அந்த வசதிக்கு இணை வேறு எந்த ஊரிலும் இல்லை.

வீடு பார்க்கும்போது சுவரையும் டைல்ஸையும் பார்த்து மயங்காதீர்கள். மாடியில் ஏறுங்கள். ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகளை விரலால் தடவினால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால், உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். வெப்பம் வெளியேறாது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், ஜூலையில் படுத்துவிடும். பழுது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டடக் காவலாளியான ஹாரிஸின் வாய் வார்த்தை போதாது.

கரண்ட் பில்லைப் பார்ப்போம். வீட்டு இணைப்புக்கு மாதம் 6,000 யூனிட்வரை யூனிட்டுக்கு 18 ஹலாலா (100 ஹலாலா ஒரு ரியால்), அதற்கு மேல் 30 ஹலாலா, கூடவே 15 சதவீத வாட் வரி. 1.8 கிலோவாட் இழுக்கும் ஜன்னல் ஏசி மூன்று, நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மாதம் ஏறத்தாழ 2,270 யூனிட். வரியோடு 470 ரியால். இது ஏசிக்கு மட்டும். மீட்டர் தனியா, இரண்டு வீட்டுக்குச் சேர்த்து ஒன்றா என்று கேளுங்கள். ஒரே வில்லாவை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்ட இடங்களில் பொது மீட்டர்தான் இருக்கும். எல்லாருடைய ஏசியும் அதில் ஏறி 6,000ஐத் தாண்டினால் நீங்களும் 30 ஹலாலா கட்டுவீர்கள்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு இருக்கும்: தரைக்கடியில் ஒன்று, மாடியில் ஒன்று. கீழ்த்தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

ஆலையின் வாடை வீட்டுக்கு வீடு மாறும். ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும்போது வீடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று செத்து, ஈரம் ஏறி, கண்ணாடி எல்லாம் வியர்க்கிற ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில்தான் வாடை கீழே தங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அப்படி ஒரு இரவு அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பள்ளிதான் ரஹீமாவின் பலவீனம். சிபிஎஸ்இ பள்ளிகள் ஜுபைலிலும் தம்மாமிலும் இருப்பதால் பிள்ளை விடிவதற்கு முன் வேன் ஏற வேண்டும். எல்கேஜி பிள்ளைக்கு இது கொடுமை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் நேரமே இருக்காது. குளிர்காலத்தில் அதிகாலைப் பனிமூட்டம் வேறு. ஆஸ்பத்திரி விஷயத்தில், ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. உங்கள் காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் தனியார் மருத்துவமனை எங்கே என்று அட்டையின் பட்டியலில் பாருங்கள். பிரசவ காலம் என்றால் அந்தத் தூரம் முக்கியம்.

யாருக்குச் சரி: பிள்ளை இல்லாத தம்பதி, பள்ளி வயது வராத குழந்தை உள்ளவர்கள், சுற்று ஷிஃப்டில் இருப்பவர்கள்.

## ஜுபைல்

1975இல் அமைத்த ராயல் கமிஷன் திட்டமிட்டுக் கட்டிய தொழில் நகரம் ஒருபுறம், பழைய ஊர் மறுபுறம். இந்தியப் பள்ளி, தமிழ்க் குடும்பங்கள், மருத்துவமனை எல்லாம் உண்டு. பெட்ரோகெமிக்கல் ஆலைகள் வரிசையாக இருப்பதால் ராஸ் தனூரா ஒப்பந்தம் முடிந்தால் அங்கேயே அடுத்த வேலை பார்க்கலாம். தம்பதியில் இன்னொருவர் ஜுபைலில் வேலை பார்த்தால் இதைத் தாண்டி யோசிக்கவே தேவையில்லை. மற்றபடி தம்மாமுக்கு உள்ள அதே பயணச் செலவுதான். தம்மாம் அளவுக்குக் கடைகளும் பள்ளிகளும் இல்லை, அவ்வளவே.

## தம்மாம், கோபர்: தினமும் நெடுஞ்சாலை

பிள்ளைகளுக்குப் பள்ளி, மனைவிக்குப் பேச்சுத்துணை, நல்ல ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாம் தம்மாமில் கைக்கெட்டும் தூரம். தம்மாமின் சீகோ கடைவீதிப் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து வாழையிலைவரை கிடைக்கும். கோபரில் துக்பா, ராக்கா பகுதிகளில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. இதற்கெல்லாம் நீங்கள் கொடுக்கும் விலை இதுதான்: வீடு எங்கே என்பதைப் பொறுத்து ஒரு வழிக்கு 55 முதல் 80 கிலோமீட்டர்.

கணக்கைப் போடுங்கள். போக வர 130 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார், 91 ரகப் பெட்ரோல் லிட்டர் 2.18 ரியால் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 24 ரியால். 22 வேலைநாளுக்கு 520. பெட்ரோல் மலிவு என்பதால் பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஒரு மாத விடுமுறையைக் கழித்தாலும் ஆண்டுக்கு 31,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது வண்டி. 5,000க்கு ஒரு ஆயில் மாற்றம் என்றால் வருடத்துக்கு ஆறு. டயர் சீக்கிரம் தேயும். தேயாவிட்டாலும் கோடையின் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியதை மாற்றிவிட்டுத்தான் இந்தச் சாலையில் ஏற வேண்டும். கடலோரம் நிறுத்தும் வண்டிக்கு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும் சேர்ந்துகொள்ளும். வேகத்தைப் பிடிக்கும் சாஹிர் கேமராவின் அபராதம் தனிக் கணக்கு.

தூக்கம்தான் உண்மையான செலவு. ஜெனரல் ஷிஃப்டுக்குப் பயணம் தாங்கும். ஷட்டவுனில் 12 மணி நேரம் நின்றுவிட்டு, இரவு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, நாலு மணிக்கு மறுபடி எழுவது ஒரு வாரத்துக்கு மேல் எந்த உடம்பும் தாங்காது. அந்த நாட்களுக்கு மட்டும் ரஹீமாவில் ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொள்வது விவேகம். தனியாக ஓட்டாமல் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் போவதும் நல்லது. ஆனால் நாலு பேரும் ஒரே ஷிஃப்டில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

நடுவழி ஒன்று உண்டு: சஃப்வா, கத்தீஃப் பக்கம் வீடெடுப்பது. சஃப்வாவையும் ராஸ் தனூராவையும் இணைக்கும் 3.2 கிலோமீட்டர் கடற்பாலம் இந்தப் பக்கத்துப் பயணத்தைச் சுருக்கிவிட்டது. தம்மாம் பள்ளியும் ரஹீமாவிலிருந்து போவதைவிடக் கிட்டத்தில். தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஆனால் கத்தீஃப் மீன் சந்தை ஒன்றுக்காகவே அங்கே இருக்கலாம். வஞ்சிரத்தை அங்கே கனத் என்று கேளுங்கள். ஆகஸ்ட் 1இல் இறால் பிடிப்புக் காலம் திறந்ததும் விலை இறங்கும்.

யாருக்குச் சரி: 8ஆம் வகுப்புக்கு மேல் சிபிஎஸ்இ பிள்ளை, ஜெனரல் ஷிஃப்ட், மனைவிக்கும் வேலை தேடும் எண்ணம். 2018 ஜூனிலிருந்து பெண்களும் வண்டி ஓட்டலாம் என்பதால், மனைவிக்கு உரிமம் இருந்தால் பள்ளிக்கும் கடைக்கும் உங்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

## குடும்பத்தை ஊரிலேயே விடுவது

இதுவும் ஒரு தெரிவுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இகாமாவில் தொழில் பெயர் குடும்ப விசாவுக்கு இடம் தராதது என்றாலோ, ஷட்டவுன் போன்ற குறுகிய கால ஒப்பந்தம் என்றாலோ, பிள்ளை பத்திலோ பன்னிரண்டிலோ இருந்தாலோ இதுவே சரி. கம்பெனி கேம்பில் தங்கினால் வாடகை, கரண்ட், குடும்பக் கட்டணம் எதுவுமில்லை. விசிட் விசாவில் விடுமுறைக்குக் கூட்டி வரலாம். விசிட்டில் வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கைக்கு இகாமா கேட்பார்கள்.

## தாக்குதல் பயம்

2021 மார்ச் 7 அன்று ராஸ் தனூரா துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டி வளாகத்தின் மீது ட்ரோன் தாக்குதல் நடந்தது. அதே நாளில் ஏவுகணைத் துண்டுகள் தஹ்ரானில் அராம்கோ குடியிருப்புக்கு அருகே விழுந்தன. ஆக, ஆலையிலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி வீடெடுத்தால் இந்தக் கவலை தீரும் என்பதில்லை. பதற்றமான காலத்தில் கேட்க வேண்டியது ‘எந்த ஊர்’ என்பதையல்ல, ‘இப்போது குடும்பம் வரலாமா’ என்பதைத்தான். அதற்குத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

## கையெழுத்துக்கு முன்

வாடகை ஒப்பந்தத்தை அரசின் ‘ஈஜார்’ தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் சிக்கல் வந்தால் உதவாது. வாடகையை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ முன்கூட்டிக் கேட்பது வழக்கம். ஏஜெண்ட் கமிஷன் அதற்கு மேல். காலி செய்யும் எண்ணம் இருந்தால் ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே நீண்டுவிடும். அதனால் முதல் வீட்டை ஒரு வருடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீங்கள் முதலில் தனியாகப் போய், பிள்ளையின் பள்ளி இடம் உறுதியான பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, அதன் பிறகு குடும்பத்துக்கு டிக்கெட் போடுங்கள். இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.